முன்பணம் வாங்கின வெள்ளாமையும் ஒரே கடையில் வரும் கேமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த சொற்களையும் பாதியில் அறுந்த வாக்கியங்களையும் மட்டும் சரிசெய்திருக்கிறோம்.)

போன வாரம் ராத்திரி ஒன்பதரை இருக்கும், ஊர்ல இருந்து ஒரு போன். என் நண்பனோட தம்பி. பதினொண்ணாவது படிக்கிறான். நலம் விசாரிக்கிறதெல்லாம் கிடையாது, எடுத்த எடுப்புல கேள்விதான்.

"அண்ணே, ஜிடிஏ ஆறு நம்ம பிசில வருமாண்ணே?"

"பிசிக்கு இன்னும் தேதியே சொல்லலடா. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், அது ரெண்டுக்கு மட்டுந்தான் சொல்லியிருக்காங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் ரெண்டாவது கேள்வி.

"சரிண்ணே, என்னைக்காவது வந்தா எபிக்ல வருமா, ஸ்டீம்ல வருமா? அண்ணன் அக்கவுண்டு எபிக்லதானண்ணே இருக்கு."

முதல் கேள்வி எல்லாரும் கேக்குறதுதான். ரெண்டாவது கேள்வி என்னை ஒரு வாரமா விடல. அதனால இந்த எபிசோட் அதுக்குத்தான். கேமோட அடுத்த பாகம் வரணும்னு நாம வருஷக்கணக்கா காத்திருக்கோம். அது வர்றப்ப எந்தக் கடையில வரும்ங்கிறதை யாரு, எதை வெச்சு முடிவு பண்றாங்க? அதுல நமக்கு என்ன போகுது?

முதல்ல ஊரைச் சொல்லிடுறேன். வீரசோழன். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி தாண்டி, நரிக்குடி பக்கம். சென்னையில யாராவது கேட்டா "ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி தெரியுமா, அதுக்குப் பக்கம்"னு சொல்லித்தான் புரியவைப்பேன். வானம் பார்த்த பூமி. கம்மா நிறைஞ்சா நெல்லு, இல்லைன்னா மிளகாய், பருத்தி, அதுவும் இல்லைன்னா சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். இதைச் சும்மா வர்ணனைக்குச் சொல்லல, பின்னாடி தேவைப்படும்.

எங்க ஊருக்கு கேம் எந்தக் கடை வழியாவும் வரல. பென்டிரைவ் வழியா வந்துச்சு. பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இருக்குல்ல, அதுதான் எங்க கேமிங் மெஷின். அதுல எல்லார் கிட்டயும் ஒரே கேம், வைஸ் சிட்டி. யாரு முதல்ல கொண்டுவந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. திருச்சுழி பஸ்ல ஒரு அண்ணன் மடியில லேப்டாப்பை வெச்சு காப்பி போட்டுக் கொடுத்தாரு, அவருக்கு மதுரையில யாரோ கொடுத்தாங்களாம். அது திருட்டுப் பிரதின்னு அப்ப எங்களுக்கு ஒரு நினைப்பே இல்ல. கேம்னா பாட்டு மாதிரி, காத்துல வரும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். இதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல, ஆனா நடந்ததை மாத்திச் சொல்லவும் முடியாது.

அந்த வைஸ் சிட்டிக்கே ஒரு கதை இருக்கு. அது 2002 அக்டோபர்ல வந்தப்ப பிளேஸ்டேஷன் 2க்கு மட்டுந்தான் வந்துச்சு. பிசிக்கு 2003 மே மாசம்தான். அதாவது "எங்க மெஷின்ல ஏன் இல்ல"ங்கிற அழுகை அன்னைக்கே இருந்திருக்கு. எங்களுக்கு வந்து சேர்றப்ப அது பத்து வருஷத்துக்கு மேல பழசு, அதனால அழ வேண்டிய அவசியம் வரல.

நானும் என் நண்பனும் முதல் தடவையா "கடை"க்குப் போனது 2020 மே மாசம். ஊரடங்கு. மதுரையில காலேஜ் மூடிட்டாங்க, நான் வீரசோழன்ல. அவன் அத்தா சவூதியில இருந்து அனுப்பின காசுல ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கியிருந்தான், செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டோட. அப்ப எபிக் கேம்ஸ் ஸ்டோர்ல மே 14ல இருந்து 21 வரைக்கும் ஜிடிஏ ஐந்து இலவசம்னு அறிவிச்சாங்க. முதல் நாள் உலகமே அங்க போய் விழுந்ததுல அவங்க தளம் மணிக்கணக்கா முடங்கிப் போச்சு, செய்தியெல்லாம் வந்துச்சு. எங்களுக்கு விஷயம் தெரிஞ்சதே ஆறாவது நாள்தான். போய் அக்கவுண்ட் போட்டு, பட்டனை அமுக்கினோம். லைப்ரரியில ஏறிடுச்சு. ஒரு ரூபா செலவில்லாம, திருடாம, எங்க பேர்ல ஒரு கேம். அவன் சொன்னான், "மாப்ள, பில்லோட வாங்கின முதல் பொருள் இதான்டா."

அப்புறந்தான் அளவைப் பார்த்தோம். சுமார் 94 ஜிபி. எங்க ரீசார்ஜ் ஒரு நாளைக்கு 2 ஜிபி. வகுத்துப் பாருங்க, 47 நாள். அவன் போன், அவங்க அம்மா போன், என் போன், மூணையும் சேர்த்து 16 நாள்னு கணக்குப் போட்டோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டேட்டா புதுசாகும், அந்த நேரத்துல மாடியில சிக்னலும் கொஞ்சம் நல்லா இருக்கும். ஜன்னல் கம்பியில துணிப்பை கட்டி, அதுக்குள்ள போனைப் போட்டு, ஹாட்ஸ்பாட். கரண்ட் போனா நின்னுடும், வந்தா விட்ட இடத்துல இருந்து ஓடும். அவங்க அம்மா மட்டும் "என்னப்பா, கெணறு வெட்டுறாப்ல தினமும் கொஞ்சம் கொஞ்சமா எறக்குறீங்க"ன்னாங்க. பதினாறு நாள் இருபத்திரண்டு நாள் ஆச்சு. ஆனா இறங்கிடுச்சு.

இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எபிக் ஸ்டோரைப் பத்தி இணையத்துல உலகம் பூரா திட்டிக்கிட்டு இருந்த காலம் அது. எங்களுக்கு அது கேம் கொடுத்த மகராசன். ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. எங்க அப்பாவோட மிளகாய் கணக்கைப் பார்த்தப்பதான் புரிஞ்சது.

ஐப்பசியை ஒட்டி மழை பார்த்து மிளகாய் போடணும். விதை, உரம், களை எடுக்கிற கூலி, எல்லாத்துக்கும் கையில காசு வேணும். அப்பா கமிஷன் கடைக்காரர்கிட்ட போவாரு. அவரு முன்பணம் கொடுப்பாரு. எழுத்துல பெருசா ஒண்ணும் இருக்காது, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச நிபந்தனை ஒண்ணு இருக்கு. வத்தல் காஞ்சதும் மூட்டை அந்தக் கடைக்குத்தான் போகணும். பக்கத்துக் கடையில கிலோவுக்கு அஞ்சு ரூபா கூடக் கிடைச்சாலும் போக முடியாது. அங்க போனா முன்பணம் கழிப்பாங்க, கமிஷன் கழிப்பாங்க, இறக்குகூலி, எடைக்கூலின்னு கழிப்பாங்க. மிச்சம் நம்ம கையில. வெளியில இருந்து பார்க்கிறவன் "ஏம்ப்பா, நல்ல விலைக்குப் போடாம அங்க போய் போடுற"ன்னு கேப்பான். அந்த முன்பணம் இல்லைன்னா விதையே போட்டிருக்க முடியாதுங்கிறது அவனுக்குத் தெரியாது. அதே மாதிரி, அந்தக் கடைக்காரரு தர்மத்துக்குக் கொடுக்கலங்கிறதும் உண்மைதான்.

கேம் உலகத்துல எக்ஸ்க்ளூசிவ்னு சொல்றாங்களே, அது பெரும்பாலும் இதேதான். அவங்க வெச்ச பேரு "குறைந்தபட்ச உத்தரவாதம்". கேம் வித்தாலும் விக்காட்டியும் இவ்வளவு உனக்கு உறுதி, பதிலுக்கு இத்தனை மாசம் என் கடையில மட்டும் போடணும்.

2018 டிசம்பர்ல எபிக் கடை திறந்தாங்க. ஸ்டீம் வழக்கமா எடுக்கிற கமிஷன் 30 சதவீதம், ரொம்பப் பெரிய விற்பனைக்கு மட்டும் 25, 20ன்னு குறையும். எபிக் 12 சதவீதம்னு வந்தாங்க. கமிஷன் குறைஞ்சா கேம் செய்றவங்களுக்கு லாபம், ஆனா வாங்குற நமக்கு விலை குறையல. அப்ப நாம ஏன் கடை மாறணும்? மாற மாட்டோம். அதனாலதான் முன்பணம். கன்ட்ரோல்னு ஒரு கேம், பின்லாந்துல இருக்கிற ரெமெடி நிறுவனம் செஞ்சது, 2019 ஆகஸ்ட். பிசில ஒரு வருஷம் ஸ்டீம்ல கிடையாது. அதுக்கு எபிக் கொடுத்தது 94.9 லட்சம் யூரோன்னு வெளியீட்டாளரோட தாய் நிறுவனமான டிஜிட்டல் ப்ரோஸ் கணக்கறிக்கை வழியா வெளியில வந்துச்சு.

அதே ரெமெடியோட இன்னொரு கதைதான் எனக்கு முக்கியம். ஆலன் வேக். முதல் பாகம் 2010ல எக்ஸ்பாக்ஸ் 360க்கு மட்டும் வந்துச்சு, பிசிக்கு 2012. கதை அந்தரத்துல நிக்கும். ரெண்டாவது பாகம் எப்ப, எப்பன்னு ரசிகருங்க 13 வருஷம் கேட்டாங்க. யாரும் காசு போட வரல. கடைசியில 2020ல எபிக் ஒரு பதிப்புத் திட்டம் அறிவிச்சாங்க. செலவு முழுசையும் கூட நாங்க போடுறோம், போட்ட காசு திரும்பினதும் லாபத்துல குறைஞ்சது பாதி செஞ்சவங்களுக்கு. அதுலதான் ஆலன் வேக் 2 உருவாச்சு. 2023 அக்டோபர் 27ல வந்துச்சு. பிசில இன்னைக்கு வரைக்கும் எபிக்ல மட்டுந்தான்.

இதுக்கும் திட்டு விழுந்துச்சு. "ஸ்டீம்ல போட்டாத்தான் வாங்குவேன்"னு இன்னும் காத்திருக்கிறவங்க இருக்காங்க. நான் அவங்க பக்கம் இல்ல. விதைக்குக் காசு கொடுத்தவன் கடைக்கு மூட்டை போறதுல எனக்கு அநியாயம் தெரியல. அந்த முன்பணம் இல்லைன்னா அந்தப் பாகமே இல்ல.

ஆனா ஏற்கனவே வெளைஞ்சு, காஞ்சு, மூட்டை கட்டி, வேற ஒருத்தனுக்குன்னு பேசி முடிச்ச வெள்ளாமையை நடுவுல வந்து தூக்கினா? அங்கதான் என் கோபம்.

ஷென்மூன்னு ஒரு ஜப்பான் கேம் வரிசை. யூ சுசுகி உருவாக்கினது. முதல் பாகம் 1999, ரெண்டாவது 2001. அதுவும் பாதியில நிக்குற கதை. 2015 ஜூன்ல சோனி மேடையில அவரு வந்து நின்னு, மூணாவது பாகத்துக்கு கிக்ஸ்டார்ட்டர்ல ரசிகருங்ககிட்ட நேரடியாக் காசு கேட்டாரு. ஒரு நாள் முடியுறதுக்குள்ள 20 லட்சம் டாலர். மொத்தம் 69,000 பேருக்கு மேல சேர்ந்து 63 லட்சம் டாலர் கொடுத்தாங்க. இதுவும் முன்பணந்தான், கொடுத்தது ரசிகருங்க. பிசி பிரதி ஸ்டீம்ல வரும்னு எதிர்பார்த்துத்தான் நிறையப் பேரு கொடுத்தாங்க. 2019 ஜூன்ல, வெளியீட்டுக்குச் சில மாசம் இருக்கும்போது, பிசில எபிக் மட்டும்னு அறிவிப்பு. கத்தினாங்க, சண்டை போட்டாங்க. வேண்டாங்கிறவங்களுக்குக் காசைத் திருப்பித் தர்றோம், அந்தச் செலவை ஏத்துக்கிறோம்னு எபிக் சொல்ல வேண்டியதாச்சு. 2019 நவம்பர் 19ல எபிக்ல வந்து, சரியா ஒரு வருஷம் கழிச்சு 2020 நவம்பர் 19ல ஸ்டீமுக்கு வந்துச்சு. 18 வருஷம் காத்திருந்தவனுக்கு இன்னும் ஒரு வருஷம் பெரிய விஷயமான்னு கேக்கலாம். வலி வருஷத்துல இல்லைங்க. முதல் முன்பணம் கொடுத்தவன் அவன். ரெண்டாவது முன்பணம் பெருசா வந்ததும் அவனை வரிசையில பின்னாடி நிக்க வெச்சாங்க. (சிரிப்பு) இன்னொரு கொடுமை, மூணாவது பாகத்துலயும் கதை முடியல. இப்ப நாலாவதுக்குக் காத்திருக்காங்க.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம்ம நாட்டுல இதே மாதிரி ஒண்ணு நடந்திருக்கு, நிறையப் பேர் கவனிக்கல.

ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக். புனேவுல இருக்கிற நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்னு ஒரு சின்னக் குழு செஞ்சது. ராஜிங்கிற பொண்ணு, சர்க்கஸ்ல வித்தை காட்டுறவ, அசுரங்க தூக்கிட்டுப் போன தம்பியைத் தேடிப் போறா. கதை சொல்றது துர்க்கையும் விஷ்ணுவும். நடுநடுவுல நிழல் பொம்மலாட்டமா காட்சிகள் வரும், எனக்குச் சின்ன வயசுல திருவிழாவுல பார்த்த தோல்பாவைக்கூத்து ஞாபகம் வந்துடுச்சு. 2017ல கிக்ஸ்டார்ட்டர்ல காசு திரட்டப் பார்த்தாங்க, இலக்கை எட்டல. நிறுவனருங்கள்ல ஒருத்தர் தன் வீட்டையே வித்து வேலையைத் தொடர்ந்ததா பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. எங்க ஊர்ல இதை நகையை வெச்சு வெள்ளாமை பண்றதுன்னு சொல்லுவாங்க. இங்க வீடே போயிருக்கு.

கேம் 2020 ஆகஸ்ட் 18ல வந்துச்சு. எதுல? நிண்டெண்டோ ஸ்விட்ச்சுல மட்டும். நிண்டெண்டோ ஸ்விட்ச்சை இந்தியாவுல அதிகாரபூர்வமா வித்ததே இல்ல! இந்தியாவுல, இந்தியக் கதையை வெச்சு, இந்தியருங்க செஞ்ச கேம், இந்தியக் கடையில கிடைக்காத ஒரு மெஷின்ல முதல்ல வருது. வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்தவன், இல்லைன்னா இறக்குமதிக் கடையில கூட விலை கொடுத்தவன், அவனுக்குத்தான் ராஜி. நமக்கு அக்டோபர் 15, அன்னைக்குத்தான் பிசி, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்.

ரெண்டு மாசந்தான், ஒத்துக்குறேன். அந்தக் குழு மேல எனக்கு ஒரு சொட்டுக் கோபம் கிடையாது. நிண்டெண்டோ மேடையில உலகத்துக்கே காட்டுறோம்னு வாய்ப்பு வந்தா வீட்டை வித்தவங்க வேண்டாம்னா சொல்வாங்க? அந்த வருஷம் கேம் அவார்ட்ஸ்ல சிறந்த அறிமுக கேம் பிரிவுல பரிந்துரையும் ஆச்சு. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல தங்கிடுச்சு. கடை உரிமையைப் பேசுற மேசையில நம்ம ஊரு கணக்குலயே இல்ல. நம்மளை ஒதுக்கணும்னு யாரும் நினைக்கல. நாம அங்க இருக்கோம்னே யாருக்கும் ஞாபகம் வரல, அவ்வளவுதான்.

ராஜியும் சட்டுனு முடியுற கதை. திரை கறுப்பாகி பேரு ஓடுறப்ப நான் "டேய், இன்னும் இருக்குடா"ன்னு கத்தினேன். அஞ்சு வருஷம் கழிச்சு 2025ல "ராஜி: கலியுகா"ன்னு அடுத்த பாகத்தை அறிவிச்சிருக்காங்க. இந்தத் தடவையாவது வீரசோழன்ல இருக்கிறவனும் சென்னையில இருக்கிறவனும் ஒரே நாள்ல தொடங்கணும். என் ஆசை அவ்வளவுதான்.

இப்ப தம்பியோட கேள்விக்கு வர்றேன். ஜிடிஏ ஆறு.

முதல் டிரெய்லர் 2023 டிசம்பர்ல வந்துச்சு. அப்ப சொன்னது 2025. அப்புறம் 2026 மே 26. அப்புறம் 2026 நவம்பர் 19. நான் பேசுற இந்த நாள் வரைக்கும் அந்தத் தேதி நிக்குது. மறுபடி வைஸ் சிட்டிக்கே போறோம், அதனாலதான் எங்க ஊர்ல இவ்வளவு பரபரப்பு. பென்டிரைவ்ல பார்த்த அந்தக் கடற்கரை.

பிசிக்கு எப்பன்னு சொல்ல பழைய கணக்கை மட்டுந்தான் பார்க்க முடியும். ஜிடிஏ ஐந்து கன்சோல்ல 2013 செப்டம்பர் 17, பிசில 2015 ஏப்ரல் 14. பத்தொம்பது மாசம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோல்ல 2018 அக்டோபர் 26, பிசில 2019 நவம்பர் 5. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. அந்த ரெண்டாவது கணக்குல இன்னொரு வரி இருக்கு, தம்பி கேட்டதுக்குப் பதில் அதுலதான். நவம்பர் 5ல ராக்ஸ்டாரோட சொந்த லாஞ்சர்லயும் எபிக்லயும் வந்துச்சு, ஸ்டீமுக்கு டிசம்பர் 5. ஒரே கேம், மூணு படி. முதல்ல கன்சோல்காரன், அப்புறம் எங்க கடை, அப்புறம் பெரிய கடை. பொறுமை இல்லாதவன் ரெண்டு தடவை வாங்குவான். நான் வாங்கியிருக்கேன், வெக்கமாத்தான் இருக்கு.

அதைவிட என்னை உறுத்துற சம்பவம் 2021. அந்த அக்டோபர்ல ஜிடிஏ மூணு, வைஸ் சிட்டி, சான் ஆன்ட்ரியாஸ், மூணோட பழைய பதிப்பையும் டிஜிட்டல் கடைகள்ல இருந்து எடுத்துட்டாங்க. நவம்பர் 11ல மூணையும் புதுப்பிச்சு ஒரு தொகுப்பா போட்டாங்க, பிசில ராக்ஸ்டாரோட சொந்தக் கடையில மட்டும். வந்த வேகத்துல அந்த லாஞ்சர் முடங்கி, கேமைச் சில நாளு விற்பனையில இருந்தே எடுக்க வேண்டியதாச்சு. வேலை அரைகுறையா இருக்குன்னு உலகம் பூரா விமர்சனம். மன்னிப்புக் கேட்டு, பழைய பதிப்புகளையும் தன் கடையில மறுபடி கொடுத்தாங்க. அந்தத் தொகுப்பு ஸ்டீமுக்கு வர 2023 ஜனவரி ஆச்சு.

அப்ப நான் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருந்தேன். சின்ன வயசுல காசு கொடுக்காம ஆடினோமே, இப்ப வைஸ் சிட்டியைக் காசு கொடுத்து வாங்கணும்னு ஒரு எண்ணம். ஸ்டீம்ல தேடினா இல்ல. பணத்தை வெச்சுக்கிட்டு நிக்குறேன், கடையில பொருள் இல்ல. ஊர்ல பழைய லேப்டாப்ல பென்டிரைவ் பிரதி மட்டும் ஜம்முனு ஓடிக்கிட்டு இருக்கு. திருட்டை நியாயப்படுத்தல. ஆனா சட்டப்படி வாங்க வர்றவனைக் கடை திருப்பி அனுப்பினா, அவன் பழைய பழக்கத்துக்குப் போறதுல ஆச்சரியம் இல்லைன்னு மட்டும் சொல்றேன்.

இங்க ஸ்டீம் ரசிகருங்ககிட்ட ஒரு வார்த்தை. நானும் ஸ்டீம்லதான் அதிகம் வாங்குறேன். 2015லயே ரூபாயில விலை போட்டாங்க, தள்ளுபடி நல்லா இருக்கும், விமர்சனம் படிச்சு வாங்கலாம். ஆனா 2004ல ஹாஃப் லைஃப் 2 வந்தப்ப, கடையில டிஸ்க் வாங்கினவனும் ஸ்டீம் போட்டாத்தான் ஆட முடியும்னு கட்டாயம் வெச்சாங்க. அன்னைக்கு எல்லாரும் ஸ்டீமைத்தான் திட்டினாங்க. இன்னைக்கு அதையே தாய்வீடு மாதிரி பேசுறோம். இன்னும் ஒரு லாஞ்சர் போடணுமேங்கிற புலம்பல் எனக்குச் சின்னதாத்தான் படுது. டெஸ்க்டாப்ல ஒரு ஐகான் கூடினா யாரும் செத்துடப் போறதில்ல.

பெரிய விஷயம் வேற. நாம வாங்குறது பொருளே இல்ல. எங்க ஊரு சந்தையில ஆட்டுக்குட்டி வாங்கினா, காசு கை மாறினதும் அது என் குட்டி. வளர்க்கலாம், விக்கலாம், தங்கச்சிக்குக் கொடுக்கலாம். கேம் அப்படி இல்ல. 2024 அக்டோபர்ல இருந்து ஸ்டீமே காசு கட்டுற பக்கத்துல சொல்லுது, நீ வாங்குறது ஒரு உரிமம்னு. மாத்திக் கொடுக்க முடியாது, விக்க முடியாது. அந்த உரிமமும் அந்தக் கடையில மட்டுந்தான் செல்லும். அதனாலதான் அடுத்த பாகம் எந்தக் கடைங்கிறது முக்கியமாகுது. நூறு கேம் வெச்சிருக்கிற எனக்கு அது சௌகரியப் பிரச்சினை. ஒரே ஒரு கேம் வெச்சிருக்கிறவனுக்கு?

என் நண்பன் 2022ல சவூதி போயிட்டான், அவன் அத்தா மாதிரியே. டெஸ்க்டாப் வீட்டுல இருக்கு. தம்பி ஆடுறான். அக்கவுண்ட் அண்ணன் பேர்ல. மெஷின்ல ஏதாவது மாத்தினா, மறுபடி உள்ள போக மின்னஞ்சலுக்கு ஒரு கோடு வரும். பாதுகாப்புக்கு வெச்சது, வேணும்தான், நான் குறை சொல்லல. ஆனா கோடு போறது தம்மாம்ல வேலை பார்க்கிற அண்ணனோட போனுக்கு. இங்க ராத்திரி எட்டுன்னா அங்க சாயங்காலம் அஞ்சரை, அவன் ஷிப்ட்ல இருப்பான். அவன் பார்த்து அனுப்புறதுக்குள்ள கோடு காலாவதி. திரும்பக் கேளு, திரும்ப அனுப்பு. தம்பி தனக்குன்னு ஒரு அக்கவுண்ட் தொடங்கலாம்தான். ஆனா அந்த 94 ஜிபியும், அண்ணன் பாதியில விட்டுட்டுப் போன கதையும், அவன் வாங்கி வெச்ச கார்களும் பழைய அக்கவுண்ட்லதான் இருக்கு. தம்பி அந்த கராஜுல ஒரு காரைக்கூட விக்கல. கேட்டா "அண்ணன் வந்து கேப்பான்ல"ங்கிறான்.

கன்சோல் வாங்கலாமேன்னு சிலர் சொல்வீங்க. பிஎஸ்5 இந்தியாவுல 2021 பிப்ரவரில வந்தப்பவே 49,990 ரூபா. அப்புறம் 54,990 ஆச்சு. எங்க அப்பா ஒரு போகத்துக்கு வாங்குற முன்பணம் அதைவிடக் குறைவு. ஒரு கேமுக்காக அந்த வீட்டுல அதை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால தம்பிகிட்ட இப்படித்தான் சொன்னேன். பிசிக்கு வந்தா முதல்ல அவங்க சொந்தக் கடையிலயும் எபிக்லயும் வர வாய்ப்பு இருக்கு, போன தடவை அப்படித்தான் செஞ்சாங்க. இது என் யூகந்தான், யாரும் உறுதி சொல்லல. முன்பதிவுன்னு யாராவது லிங்க் அனுப்பினா காசு கட்டாத. அந்த பழைய கிராபிக்ஸ் கார்டுல அது ஓடுமான்னும் பார்க்கணும், எனக்கு நம்பிக்கை இல்ல. இப்போதைக்கு ராஜி ஆடு, அது அந்த மெஷின்லயே ஓடும்.

"ராஜி எந்தக் கடையிலண்ணே?"

"ரெண்டுலயும் இருக்குடா."

"அப்ப எபிக்லயே வாங்கிக்கிறேன். அண்ணன் அக்கவுண்ட்லயே இருக்கட்டும்."

போனை வெச்சதும் அப்பாவைக் கூப்பிட்டேன். இந்த வருஷமும் அதே கடைலதான் முன்பணம் வாங்கியிருக்காரு. "ஏம்ப்பா, நான் அனுப்புறேன்னு சொன்னேன்ல"ன்னேன். "உன் காசு இருக்கட்டும்டா. அந்தாளு இருபது வருஷமா கொடுக்கிறாரு, ஒரு வருஷம் போகலைன்னா அடுத்த வருஷம் கேக்க முடியுமா"ன்னாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

நேத்து ராத்திரி தம்மாம்ல இருந்து எனக்கு ஒரு மெசேஜ். ஆறு இலக்க எண்ணு, கீழ ஒரு வரி: "மாப்ள, தம்பி போனை எடுக்கல, இதை உடனே அவன்கிட்ட சொல்லு, பத்து நிமிஷந்தான் இருக்கு." கூப்பிட்டேன். மூணாவது தடவை எடுத்தான். ராஜி இறங்கிக்கிட்டு இருக்கு.